காருக்குள் அரை மணி நேரம்

நெவென்காவின் நாளில் அவளுக்கென்று இருந்தது அரை மணி நேரம்தான். அதையும் அவள் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை. திருடித்தான் வைத்திருந்தாள்.

பராச்சின் நகரத்துச் சூடேற்று நிலையத்தில் புகார்த் தொலைபேசியை எடுப்பது அவள் வேலை. அக்டோபர் நடுவில் கொதிகலனை மூட்டி, அடுக்குமாடிகளுக்கெல்லாம் குழாயில் வெந்நீரைத் திறந்துவிட்டார்கள் என்றால், ஏப்ரல் வரைக்கும் அவள் காதுக்கு விடிவு கிடையாது. மேல்மாடிக்காரனுக்குக் குளிர்கிறது என்பான். கீழ்மாடிக்காரிக்குப் புழுங்குகிறது என்பாள். நடுமாடிக்காரனுக்குக் குளிரும் இல்லை, புழுக்கமும் இல்லை. ஆனாலும் கூப்பிட்டுத் திட்டுவான், எல்லாரும் திட்டும்போது தான் மட்டும் சும்மா இருந்தால் ஏமாந்த மாதிரி ஆகிவிடுமாம். கொதிகலனை இவளே இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, வேண்டியவர்களுக்கு மட்டும் சூட்டைக் கிள்ளிக் கொடுப்பது போலத்தான் அத்தனை பேரும் பேசுவார்கள்.

மூன்று மணிக்கு வேலை முடியும். வீட்டில் அடுத்த கச்சேரி காத்திருக்கும். கணவன் திஹோமிர் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுகிற மனிதர், சோபாவிலிருந்து எழுந்து தண்ணீர் மோந்து குடிக்க மாட்டார். மகன் உரோஷ் கல்லூரியில் படிக்கிறான் என்று பேர். அவன் எதைப் படிக்கிறான் என்பது அவனுக்கே தெரியுமோ என்னவோ. இவள் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்ததும், "நெவென்கா, ஒயின் புட்டி திறக்கற திருகாணி எங்க?" என்று ஒரு குரல் வரும். "அம்மா, என் சாம்பல் கலர் சட்டை?" என்று இன்னொரு குரல் வரும். கோட்டைக் கழற்றக்கூட விடமாட்டார்கள்.

ஆகவே அவள் நேரே வீட்டுக்குப் போவதை விட்டுவிட்டாள். அடுக்குமாடிக்குப் பின்பக்கம், கார்க்கொட்டகைகள் முடிகிற இடத்தில் ஒரு லிண்டன் மரம். அதன் கீழே தன் பழைய நீல ஓப்பல் காரை நிறுத்துவாள். அந்த இடம் அவர்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு, இருக்கையைப் பின்னால் சாய்த்து, ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதையைப் பிரித்து, குறுக்கெழுத்துப் புத்தகத்தை மடியில் போட்டுக்கொள்வாள். விதை உடைகிற சத்தம், பென்சில் கிறுக்குகிற சத்தம், அவ்வளவுதான். தொலைபேசி பையில் வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கும். அரை மணி நேரம் கழித்து மேலே போய், "ரோட்டுல ஒரே நெரிசல்" என்பாள். பராச்சினில் நெரிசலாம்! கல்யாண ஊர்வலம் போனால்தான் அந்த ஊரில் நான்கு கார் சேர்ந்து நிற்கும். ஆனாலும் ஆறு வருஷமாக அந்தப் பொய்யை அந்த வீட்டில் யாரும் சந்தேகப்படவில்லை. அவள் எப்போது வருகிறாள் என்று கவனித்தால்தானே சந்தேகப்பட?

இப்படி இருந்த நிம்மதிக்கு வேட்டு வைக்க வந்து சேர்ந்தாள் நாத்தனார்.

பெயர் ஸ்வெத்லானா. தலைநகர் பெல்கிரேடுக்குப் போனதும் முன்பாதியைக் கழற்றி எறிந்துவிட்டு லானா ஆகிவிட்டாள். இரண்டாவது புருஷனையும் கழற்றிவிட்ட பிறகு அவள் கண்டுபிடித்த தொழில், வேலைக்குப் போகும் பெண்களுக்கு மன இறுக்கத்தைக் குறைத்துக் காட்டுவது. அதற்கு ஒரு வாரப் படிப்பு படித்து, கண்ணாடிச் சட்டம் போட்ட தாளும் வாங்கியிருந்தாள். காலை பத்து மணிக்கு எழுந்து, கன்னத்தில் எதையோ பூசி, கைப்பேசிக்கு முன்னால் உட்கார்ந்து, "அன்பு மகளிரே, இன்று உங்களுக்காக ஒரு கோப்பை தேநீர் குடித்தீர்களா?" என்று குழைவாள். அதைப் பார்க்க ஆயிரக்கணக்கில் ஆள். தேநீர் குடிக்கக்கூட ஒருத்தி சொல்லித்தர வேண்டியிருக்கிறது பாருங்கள், அந்த நிலைக்கு வந்துவிட்டது காலம்.

புனித லூக்கா நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதுதான் அந்தக் குடும்பத்தின் ஸ்லாவா, வீட்டுப் புனிதரின் திருநாள். "பண்டிகைக்கு முன்னாடியே வந்துட்டேன் அண்ணி, உனக்கு ஒத்தாசையா இருக்கும்ல," என்று பெட்டியோடு வந்து இறங்கினாள் லானா. ஒத்தாசை என்றால், வெறும் ஒத்தாசையா! மாவுப் பண்டம் ஆகாது என்றாள். இறைச்சி நெஞ்சைக் கரிக்கும் என்றாள். ஆனால் பண்டிகைக்கென்று நெவென்கா இரவெல்லாம் நின்று செய்து ஒளித்துவைத்த வாதுமைச் சுருள் மட்டும், குளிர்பெட்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் நிற்க நிற்க ஒவ்வொன்றாகக் காணாமல் போயிற்று. சாப்பிட்ட தட்டைக் கழுவுதொட்டியில் போட்டுவிட்டு, "அண்ணி, உன் தோள் ரெண்டும் காதுகிட்ட ஏறி நிக்குது பாரு. கீழ இறக்கு. மூச்சை நாலு எண்ணி இழு, எட்டு எண்ணி விடு," என்பாள். நெவென்கா எட்டு எண்ணுவதற்குள் எட்டுத் தட்டு கழுவிவிடுவாள்.

ஒரு நாள் பிற்பகல் லானா 'விழிப்புணர்வு நடை' போனாள். நடக்கும்போது நடக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே நடக்க வேண்டுமாம். அப்படி நினைத்துக்கொண்டே கார்க்கொட்டகைப் பக்கம் போனவள், லிண்டன் மரத்தடியில் அண்ணியின் காரைப் பார்த்தாள். உள்ளே அண்ணி. கண்ணை மூடியிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. உதட்டில் ஒரு விதைத்தோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

வேறு ஒருத்தியாக இருந்தால் சத்தம் போடாமல் திரும்பிப் போயிருப்பாள். இவள் மரத்துக்குப் பின்னால் பதுங்கி நின்று படம் பிடித்தாள். அதற்குப் பியானோ இசை போட்டு, அன்றைக்கே ஊருக்குத் திறந்துவிட்டாள். 'என் அண்ணியின் ரகசியம். அவளுக்கு மலை வேண்டாம், கடல் வேண்டாம். உங்கள் காரே உங்கள் கோயில்!' என்று தலைப்பு வேறு.

நெவென்காவுக்கு இது தெரியவந்தது தொலைபேசியில்தான். மறுநாள் காலை முதல் புகார்க்காரனே, "நீதான காருக்குள்ள வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்கற பொம்பள? இங்க என் வீட்டுல கொழாய் பொணம் மாதிரி ஜில்லுனு கெடக்கு, அம்மாவுக்கு அங்க கோயில் கேக்குதோ?" என்றான். அவள் முகத்தில் ஈயாடவில்லை. காதிலிருந்த கருவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். பக்கத்து மேசைக்காரி தன் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாள். உதட்டில் ஒட்டிய விதைத்தோல்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் காரை நிறுத்திச் செருப்பைக் கழற்றியதுதான் தாமதம், கண்ணாடியில் டொக் டொக். உரோஷ்.

"அம்மா, இங்கதான் இருக்கியா? சொல்லவேயில்ல. என் சார்ஜர் எங்க?"

அவன் போனதும் திஹோமிர் வந்தார். சோபாவை விட்டு எழாத மனிதர், மூன்று மாடி இறங்கி, காலில் வீட்டுச் செருப்போடு வந்து நின்றார். "நெவென்கா, சூடு பண்ண வச்ச குழம்பு அடிப்பிடிக்கற மாதிரி வாசனை வருது. வந்து பாரேன்." அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்கு அந்தக் கைக்கு என்ன கேடு என்று அவள் கேட்கவில்லை. அடுத்த நாள் எதிர்க்கொட்டகைக்காரி வந்து, "உங்களப் பாத்துத்தான் நானும் என் கார்ல உக்காரலாம்னு இருக்கேன்," என்று கதவைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரமும் பேசினாள். அதற்கடுத்த நாள் முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் காருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நெவென்கா காரை ஊருக்கு வெளியே ஓட்டிப்போய் நிறுத்திப் பார்த்தாள். அங்கேயும் தொலைபேசி அடித்தது. "எங்க இருக்க? கார் மரத்தடியில இல்லயே!" என்று திஹோமிர் பதறினார். முன்பெல்லாம் அவளைத் தேடாத மனிதருக்கு இப்போது எங்கே தேடுவது என்று தெரிந்துவிட்டது. அதுதான் வினை.

இரவுச் சாப்பாட்டில் அவள் கேட்டே விட்டாள்.

"லானா, அந்தப் படத்த எடுத்துடு."

"எதுக்கு அண்ணி? ரெண்டு லட்சம் பேரு பாத்திருக்காங்க! நீ எத்தனை பொண்ணுங்களுக்கு நம்பிக்கை குடுத்திருக்க தெரியுமா?"

"எனக்கு அந்த அரை மணி நேரந்தான் இருந்துச்சு. அதுவும் போச்சு. எடுத்துடு."

"இப்ப போய் எப்படி எடுக்கறது? லாவண்டர் எண்ணெய்க் கம்பெனிக்காரங்க அதப் பாத்துட்டுத்தான் என்னைக் கூப்புட்டாங்க. வியாழக்கிழமை பண்பாட்டு மன்றத்துல பயிற்சி. 'பரபரப்பில் ஒரு பூந்தோட்டம்'னு பேரு. நீயும் மேடைக்கு வர. உசுருள்ள சாட்சி!" லானா ரொட்டி ஆகாது என்று சொல்லிக்கொண்டே ரொட்டியைக் குழம்பில் தொட்டுக்கொண்டாள். "கோபத்தப் பிடிச்சு வச்சுக்காத அண்ணி. அது உன் கழுத்துல போய் உக்காந்துக்கும்."

நெவென்கா கணவனைப் பார்த்தாள்.

"விடேன்மா," என்றார் திஹோமிர். "காப்பிக்கடையில எல்லாரும் உன்னைப் பத்தித்தான் பேசறாங்க. ஒரு நட்சத்திரத்தக் கட்டிக்கிட்டு இருக்கியேடான்னு எனக்கு ஒரு ரக்கியா வாங்கிக் குடுத்தாங்க."

அவள் நிம்மதிக்கு ஊர் கொடுத்த விலை ஒரு கிளாஸ் சாராயம். அதையும் குடித்தவர் அவர். அவள் எழுந்து போய் முட்டைக்கோஸ் இலைகளை ஊறப் போட்டாள்.

வியாழக்கிழமை பண்பாட்டு மன்றத்தில் கூட்டம் நிறைந்துவிட்டது. மருத்துவமனைத் தாதிகள், கடைக் கல்லாக்காரிகள், பள்ளி ஆசிரியைகள் எல்லாரும் வேலை முடிந்த கையோடு, முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைக் கம்பளிச் சட்டையில் லானா மேடைக்கு வந்தாள். கையைக் குவித்தாள். பிறகு முதல் வேலையாக, "மகளிரே, புதுக்காற்று! இரண்டு பக்கத்து ஜன்னலையும் திறங்கள்!" என்றாள்.

குறுக்குக் காற்று பட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும், காது அடைக்கும், வாய் கோணிப்போகும். இது பராச்சினில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். கூடத்தில் இருந்த அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் சால்வையை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டார்கள். முன்வரிசையில் பேருந்துப் பயணச்சீட்டு கொடுக்கும் தெசாங்கா இருந்தாள். பேருந்தின் கடைசி இருக்கை வரைக்கும் எட்டுகிற குரல் அவளுடையது.

"ஏம்மா, எங்களுக்கு நிம்மதி குடுக்க வந்தியா, பக்கவாதம் குடுக்க வந்தியா? ஒரு பக்கத்த மூடு!"

"பயமும் ஒரு இறுக்கம்தான், அக்கா. அதையும் விடுங்க," என்றாள் லானா.

"ஜன்னல மூடு, பயத்த விடறேன்."

ஜன்னலை மூடினார்கள். பயிற்சி தொடங்கியது. கண்ணை மூடச் சொன்னாள். பாதிப் பேர் உண்மையாகவே தூங்கிவிட்டார்கள். எண்ணெய் தடவிய பஞ்சை முகரச் சொன்னாள், தும்மினார்கள். பிறகு தன் மூன்று பொன்விதிகளை அவிழ்த்துவிட்டாள். முடியாது என்று சொல்லப் பழகுங்கள். வேலையைப் பகிர்ந்து கொடுங்கள். குற்ற உணர்ச்சி இல்லாமல் எழுந்து போங்கள். "எழுந்து போனா உலகம் இடிஞ்சு விழாது, மகளிரே! நீங்க இல்லாம அவங்களுக்கு ஒரு நாள் ஓடாதா என்ன?" வாழ்நாளில் ஒரு பானையைக் கூடத் தேய்க்காத கை, காற்றில் அப்படி ஒரு வட்டம் போட்டது.

நெவென்காவை மேடைக்கு அழைத்தபோது கூடம் கைதட்டியது. அவள் கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

தெசாங்கா கீழேயிருந்து கேட்டாள்: "அது சரி, இந்தம்மா கார்ல உக்காந்திருக்கறப்ப வீட்டுல யாரு சமைக்கறா? உங்க வீட்டுல வந்து பாத்தாத்தான் தெரியும் போல!"

கூடம் சிரித்தது. லானாவுக்குச் சிரிப்பு எட்டியது, கேள்வி எட்டவில்லை. மேடை வெளிச்சத்தில் குளித்துக்கொண்டிருந்தவள், கையை மார்பில் வைத்து, கண்ணில் நீர் ததும்ப, "வாங்களேன்! என் அப்பா வீட்டுக் கதவு உங்க எல்லாருக்கும் எப்பவும் தொறந்தே இருக்கும்!" என்றாள்.

பெல்கிரேடில் பதினைந்து வருஷம் குப்பை கொட்டியவளுக்கு மறந்துபோயிருக்கும். கூடத்தில் இருந்த யாருக்கும் மறக்கவில்லை. ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் அழைப்பது கிடையாது. தெரிந்தவர்கள் தாமாக வருவார்கள். வந்தவரை உட்கார வைத்துப் பரிமாற வேண்டும். வாசலில் நிறுத்தி முகத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தினால், அந்த வீட்டின் பேர் ஏழு தலைமுறைக்கு நாறும். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் மேடையில் நின்று வீட்டுக் கதவைத் திறந்துவைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று கூடத்துக்குத் தெரியும்.

நெவென்காவின் மனசுக்குள் ஏதோ ஒன்று மெல்ல எழுந்து உட்கார்ந்தது. அவள் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வந்தாள்.

"நான் யாரையும் கூப்புடல," என்றாள். "ஸ்லாவாவுக்குக் கூப்புடற வழக்கம் கெடையாதே. சும்மா தகவலுக்குச் சொல்றேன். எங்க வீட்டுக்குச் சனிக்கிழமை, புனித லூக்கா. சந்தைக்குப் பின்னாடி மஞ்சக் கட்டடம். மூணாவது மாடி, இடது கை. லிஃப்ட் ஓடாது."

வீடு திரும்பும் வழியெல்லாம் லானா பாடிக்கொண்டே வந்தாள். விஷயத்தைக் கேள்விப்பட்ட திஹோமிருக்குத்தான் வியர்த்தது.

"வந்துட்டாங்கன்னா?"

"யாரு வரப்போறா அண்ணா? அதெல்லாம் பேச்சுக்குச் சொல்றது," என்றாள் லானா.

"எப்பவும் செய்யற அளவுக்குத்தான் செஞ்சிருக்கேன்," என்றாள் நெவென்கா.

சனிக்கிழமை காலையில் பாதிரியார் வந்து ரொட்டியை வெட்டி, ஒயின் தெளித்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போனார். மதியம் வழக்கமான உறவுக்கூட்டம். வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் இனிப்புக் கோதுமையை ஒரு கரண்டி நீட்டினாள் நெவென்கா. சூப், முட்டைக்கோஸ் இலையில் சுற்றிய இறைச்சிச் சுருட்டு, வறுத்த பன்றி, சாலட் என்று தட்டுகள் போவதும் வருவதுமாக இருந்தன. திருநாளன்று வீட்டுத் தலைவன் உட்காரக் கூடாது, நின்றுதான் விருந்தாளிகளைக் கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். திஹோமிரும் நின்றார். கையில் ஒரு கிளாஸோடு அலமாரியில் சாய்ந்து நின்றார், அதுவும் நிற்பதில்தானே சேர்த்தி! லானா பட்டு உடையில் சாப்பாட்டு மேசையின் நடுவில் உட்கார்ந்து, அத்தைமார்களுக்கு மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தாள்.

நான்கு மணிக்கு அழைப்பு மணி அடித்தது.

கதவைத் திறந்தால் தெசாங்கா. கையில் ஒரு ஒயின் புட்டியும் ஒரு பொட்டலம் காப்பித்தூளும். அவளுக்குப் பின்னால் மாடிப்படி வளைகிற வரைக்கும் பெண்கள். எல்லார் கையிலும் ஒரு பெட்டி சாக்லேட்டு. எல்லாருக்கும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"திருநாள் வாழ்த்துகள்!" என்றாள் தெசாங்கா. "மனசு லேசான பொம்பள வீடு எப்படி இருக்கும்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

"வாங்க வாங்க," என்றாள் நெவென்கா. முகம் மலர்ந்து, ஒவ்வொருத்திக்கும் கோதுமை நீட்டினாள். கடைசியாக வந்தவளும் உள்ளே நுழைந்த பிறகு சமையலறைக்குப் போய், கழுத்திலிருந்து ஏப்ரனைக் கழற்றிக்கொண்டு நேரே சாப்பாட்டு மேசைக்கு வந்தாள். லானாவின் தலைவழியே அதை மாட்டி, பின்பக்கம் இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள்.

"என்ன அண்ணி இது?"

"பகிர்ந்து குடுக்கறேன்."

"அண்ணி, வெளையாடாத. இத்தனை பேருக்கு நான் எப்படி..."

"முடியாதுன்னு சொல்லப் பழகியாச்சு. வேலையப் பகிர்ந்தாச்சு. மூணாவது ஒண்ணு சொன்னியே, என்னது அது?"

"குற்ற உணர்ச்சி இல்லாம எழுந்து போறது!" என்று தெசாங்கா அறை வாசலிலிருந்து எடுத்துக்கொடுத்தாள். பெண்கள் கைதட்டினார்கள்.

திஹோமிர் ஓடிவந்தார். "நெவென்கா! விருந்தாளிங்க இருக்கறப்ப எங்க கெளம்பிட்ட? ஊரு சிரிக்கும்!"

"வீட்டுத் தலைவன் நின்னு கவனிக்கணும்னுதானே வழக்கம்? நில்லுங்க. தலைவியப் பத்தி வழக்கத்துல ஒண்ணும் சொல்லல. நான் பாதிரியார்கிட்டயே கேட்டுட்டேன்." கோட்டை மாட்டினாள். கதவருகே திரும்பி, "சுருட்டு பால்கனில பெரிய பானைல இருக்கு, சூடு பண்ணணும். கிண்ணம் பத்தாது, கழுவிக் கழுவிக் குடுக்கணும்," என்று மட்டும் சொன்னாள். வீட்டில் அத்தனை பேருக்கும் முன்னால் லானா திருதிருவென்று விழித்தாள். கைப்பேசியை வைக்க அந்த ஏப்ரனில் பை கூட இல்லை.

ஓப்பல் லிண்டன் மரத்தடியிலேயே நின்றிருந்தது. நெவென்கா அதை எங்கேயும் ஓட்டிப்போகவில்லை. செருப்பைக் கழற்றினாள். இருக்கையைச் சாய்த்தாள். விதைப் பொட்டலத்தைப் பிரித்தாள். முதல் பத்து நிமிஷம் பழக்க தோஷத்தில் கண்ணாடியில் யாராவது தட்டுவார்கள் என்று தோள் இரண்டும் தாமாக ஏறி ஏறி நின்றன. யாரும் வரவில்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்று ஊருக்கே தெரியும். ஆனால் வருவதற்கு அந்த வீட்டில் ஒரு கை காலியாக இல்லை. அதை நினைத்ததும் அவளுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. தனியாக உட்கார்ந்து அப்படிச் சிரித்து எத்தனையோ காலமாயிற்று. பிறகு குறுக்கெழுத்தில் பாதிப் பக்கத்தை முடித்தாள். அரை மணி நேரம் எப்போதோ கடந்துவிட்டது. அவள் கடிகாரத்தைப் பார்க்கவேயில்லை.

இருட்டத் தொடங்கியபோது பக்கத்துக் கதவின் கைப்பிடி தடதடவென்று ஆடியது. அந்தக் கதவு வருஷக்கணக்காக வெளியிலிருந்து திறப்பதில்லை. லானாதான். பட்டு உடையின் கை முழுக்க மயோனைஸ். சாய்த்து வாரிய தலைமுடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. கன்னத்துப் பூச்சு கோடு கோடாக இறங்கியிருந்தது. சுற்றிக்கொண்டு நெவென்காவின் பக்கம் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினாள்.

நெவென்கா கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கினாள்.

"அண்ணி, தொற. அஞ்சு நிமிஷம். அஞ்சே நிமிஷம் உள்ள உக்காந்துக்கறேன். மேல நிக்க முடியல. எல்லாருக்கும் காப்பி வேணுமாம். ஒருத்திக்குச் சர்க்கரை இல்லாம, ஒருத்திக்கு நடுத்தரமா, ஒருத்திக்கு நுரையோட. குடுத்து முடிக்கறதுக்குள்ள முதல்ல குடிச்சவ ரெண்டாவது கேக்கறா! அந்த பஸ்காரி என் காப்பி கழுவுன தண்ணி மாதிரி இருக்குன்னு எல்லார் முன்னாடியும் சொல்றா. அண்ணனுக்கு அடுப்புல எந்தத் திருகு எதுக்குன்னே தெரியல. உரோஷ் பாத்ரூம்ல போய்ப் பூட்டிக்கிட்டான். கிளம்பவே மாட்டேங்கறாங்க அண்ணி!"

"நல்லா இருக்குன்னுதான் கிளம்பல."

"அந்தப் படத்த இப்பவே அழிச்சிடறேன். உன் கண்ணு முன்னாடி அழிக்கறேன். தொற."

"வேணாம், இருக்கட்டும்," என்றாள் நெவென்கா. "பாக்கறவங்க பாக்கட்டும். நான் இங்கதான் இருக்கேன்னு தெரிஞ்சும், வர முடியாம மேல நின்னுக்கிட்டு இருந்தீங்க பாரு, அந்தச் சுகத்த எந்த லாவண்டர் எண்ணெயும் குடுக்காது."

"அண்ணி, எனக்கு நெஞ்சு படபடங்குது."

"தோள் ரெண்டும் காதுகிட்ட ஏறி நிக்குது பாரு. கீழ இறக்கு. மூச்சை நாலு எண்ணி இழு."

லானா கண்ணாடி இடுக்கில் விரலை நுழைத்துக்கொண்டு பார்த்தாள். அந்தப் பார்வையில் உண்மையாகவே அழுகை இருந்தது. நெவென்காவுக்கு ஒரு கணம் கை கதவுப் பிடிக்குப் போயிற்று. பிறகு உதட்டில் ஒட்டிய விதைத்தோல் ஞாபகம் வந்தது.

"விரலை எடு லானா. குறுக்குக் காத்து வருது. கழுத்து பிடிச்சுக்கும்," என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

அப்போது மூன்றாவது மாடிப் படிக்கட்டு ஜன்னல் படாரென்று திறந்தது. திஹோமிரின் தலை வெளியே வந்தது. மைதானத்தில் பிள்ளைகளை விரட்டுகிற அதே குரல், கார்க்கொட்டகைத் தகரமெல்லாம் அதிர, கீழே இறங்கியது. இருபத்தாறு வருஷமாக அந்த வீட்டுத் திருநாளில் அந்தக் குரல் ஒரே ஒரு பெயரைத்தான் கூப்பிட்டிருக்கிறது. நெவென்காவின் உடம்பு பழக்கத்தில் எழப் பார்த்தது.

"ஸ்வெத்லானா!" என்று கத்தினார் திஹோமிர். "அடியே ஸ்வெத்லானா! எங்க போய்த் தொலைஞ்ச? பெரிய தட்டு எங்கடி?"

லானா ஏப்ரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படிக்கட்டைப் பார்த்து ஓடினாள். நெவென்கா இருக்கையை இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்த்து, ஒரு விதையை எடுத்து உடைத்தாள்.